மூன்றடுக்குக் கேக்கும் ஆறடுக்கு வேகத்தடையும்

காரைத் தரையோடு தரையாக இறக்கிக்கொள்கிறவர் என்றதும் நமக்கு ஒரு படம் மனதில் வரும். கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை, தெருவுக்கே கேட்கும்படி ஒரு பாட்டு. கேக் கடைக்காரர் அந்தப் படத்தில் எந்த மூலையிலும் பொருந்தமாட்டார். அவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் திரும்பப் போகிறார் என்று அர்த்தம். கவனம் சிதறும் என்று காரிலிருந்த ரேடியோவைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டவர். அவர் காரை இறக்கியதற்கு ஒரே காரணம் கேக்.

பின் இருக்கையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பலகை அடித்திருந்தார். மூன்றடுக்குக் கேக் அதில் ஏறும்போது பரிசு வாங்க மேடையேறுகிறவர்போல நிமிர்ந்துதான் ஏறும். ரவுண்டானா வரும். கார் ஒருபக்கம் சாயும், கேக்கும் கூடவே சாயும். போய்ச் சேரும்போது மேலடுக்கு கீழடுக்கின் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்.

மனைவியின் தம்பி மெக்கானிக். அவனுக்குத் தெரியாத வண்டி உலகில் இல்லை என்பது அவனுடைய கருத்து.

"குட்டை ஸ்பிரிங் போட்டுடலாம் மாமா. வண்டி கீழ இறங்கிடும். அப்புறம் வளைவுல சாயவே சாயாது. தரையைப் புடிச்சுக்கிட்டு போகும்."

"கெடுதல் ஒண்ணும் இல்லையா மாப்ள?"

"இருக்கு. பள்ளத்துல இறங்கினா உங்க முதுகெலும்புக்கு உடனே தகவல் வந்துரும். அடி தட்டும். டயர் உள்பக்கமா தேயும். ஆனா பார்க்க ஜம்முனு இருக்கும்."

"பார்க்கிறது கிடக்கட்டும். கேக்குக்கு எப்படி?"

"கேக்குக்குத்தான் முதுகெலும்பே இல்லையே மாமா."

இந்த வாதத்துக்குப் பதில் கிடைக்காததால் கார் இரண்டு விரல்கடை கீழே இறங்கியது. குலுக்கலுக்குப் பரிகாரமாகப் பழைய மெத்தை ஒன்று துண்டாகிப் பலகைக்கு அடியில் போனது. மனைவி வாசலுக்கு வந்து காரை மேலும் கீழும் பார்த்தாள். கீழே பார்க்க அதிகம் இல்லை.

"ஏங்க, இது நிக்குதா, உட்கார்ந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் கேக் நிமிர்ந்து போய், நிமிர்ந்தே இறங்கத் தொடங்கியது. பெரிய விருந்து மண்டபத்தின் மேலாளர் அதை ஒரு விழாவில் பார்த்தார். சாயாத கேக்கை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. மண்டபத்தில் நடக்கும் எல்லா விழாவுக்கும் இனி உங்கள் கேக்தான் என்றார். கேக் கடைக்காரரின் கண் கலங்கிவிட்டது. பன்னும் பிஸ்கட்டும் விற்று அந்தக் கடை இனி நிற்காது. மண்டபம் கை நழுவினால் அவர் மறுபடியும் இன்னொருவர் கடையில் மாவு பிசையத்தான் போகவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் மேலாளர். "வண்டியில மாத்தம் செஞ்சிருக்கேன்னு சொல்றீங்க. எங்க வளாகத்துக்குள்ள சரக்கு கொண்டுவர்றவங்க வண்டிக்குத் தகுதிச் சான்று இருக்கணும். முதலாளி கண்டிப்பா சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் கேக்கு. அதோட சான்றையும் கொண்டுவந்துருங்க. இல்லைன்னா, ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தர் வேன் வெச்சிருக்கார், அவரும் கேட்டுக்கிட்டே இருக்கார்."

வேன்காரரின் கேக்கைப் பற்றிக் கேக் கடைக்காரருக்கு ஒரு கருத்து உண்டு. நாகரிகம் கருதி அவர் அதைச் சொல்வதில்லை. மனைவி சொல்வாள்.

ஆக, வெள்ளிக்கிழமை மதியம், பின்னால் மூன்றடுக்குக் கேக், முன்னால் நம்பிக்கை என்று ஏற்றிக்கொண்டு கேக் கடைக்காரர் வாகனத் தகுதி ஆய்வு அலுவலகத்துக்குப் புறப்பட்டார். சான்றை வாங்கிய கையோடு மண்டபம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வழியில் வேகத்தடை ஒன்று மட்டும் இருந்தது.

அந்த வேகத்தடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அலுவலகம் திறந்த நாளில் அது எல்லா வேகத்தடைகளையும் போலத்தான் இருந்தது. முதல் இயக்குநர் பாதுகாப்பில் அக்கறை மிகுந்தவர். பதவி முடிந்து போகிற அன்று தம் நினைவாக அதன்மேல் ஓர் அடுக்குத் தார் போட்டுவிட்டுப் போனார். இரண்டாமவருக்கு அக்கறையில் தாம் ஒன்றும் குறைந்தவரில்லை என்று காட்டவேண்டியிருந்தது. மூன்றாமவரின் அடுக்கு சற்றுத் தடிமன். இப்படி ஆறு பேர். ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் சிறு பித்தளைத் தகட்டில் பெயர் பதித்திருந்தது.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. எவ்வளவு உயரமுள்ள வண்டி தகுதியானது என்று விதி எழுதவேண்டி வந்தபோது, அளவுநாடாவைத் தேடியெடுக்கச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர், 'அலுவலக வாசலிலுள்ள வேகத்தடையைத் தட்டாமல் கடக்கும் வண்டி' என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து ஓர் இயக்குநர் விடைபெறும்போதெல்லாம் ஊரிலுள்ள வண்டிகள் எல்லாம் ஒரே ராத்திரியில் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

இதெல்லாம் தெரியாமல் கேக் கடைக்காரர் முதல் கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முன் சக்கரங்கள் ஏறி, அந்தப்பக்கம் இறங்கின. அதன்பிறகு யாரோ பெரிய பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். கார் தராசு முள்போல நடுவில் நின்றுவிட்டது. அவர் திரும்பிக் கேக்கைப் பார்த்தார். கேக் நிமிர்ந்தே இருந்தது.

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"தட்டிருச்சு."

"தெரியுதுங்க."

"எனக்கும் தெரியுது. ஆனா வாயால சொல்றது என் டியூட்டி."

"பின்னாடி தள்ளிக்கட்டுமா?"

"முன் சக்கரம் உள்ள வந்துருச்சே. உள்ள வந்த வண்டி சோதனை முடியாம வெளிய போகக்கூடாது."

"சரி, முன்னாடி தள்ளிக்கட்டுமா?"

"பின் சக்கரம் வெளிய இருக்கு. டோக்கன் இல்லாத வண்டியை உள்ள விடக்கூடாது."

"டோக்கன் எங்க வாங்கணும்?"

"உள்ள."

"நான் நடந்துபோய் வாங்கிட்டு வந்துடறேன்."

"வாசல்ல ஆள் இல்லாம வண்டியை விட்டுட்டுப் போனா அது கேட்பாரற்ற வண்டி ஆயிடும். அதுக்கு வேற செக்‌ஷன்."

கேக் கடைக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் மைத்துனன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, நம்ம ஸ்பிரிங் மேல ஒரு தப்பும் இல்ல."

"அதைக் கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டேனா?"

"சும்மா மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன்."

இதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். கையில் ஓர் அளவுகோல். காரின் அடிக்கும் வேகத்தடைக்கும் நடுவில் அதை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"இடைவெளி பூஜ்ஜியம்," என்றார்.

"சார், மேட்டுமேல உட்கார்ந்திருக்கு சார். சமதரையில வெச்சு அளந்தீங்கன்னா சரியா இருக்கும்."

"சமதரை உள்ள இருக்கு. அங்க கொண்டுவாங்க, அளந்து குடுக்கறேன்."

"கொண்டுவர முடியலையே சார்."

"அப்ப தோல்வி."

"சரி, தோல்வின்னாவது எழுதிக் குடுங்க. ஸ்பிரிங்கை மாத்திட்டு வர்றேன்."

"எழுதறதுக்கும் வண்டி உள்ள வரணுமே," என்று ஆய்வாளர் சொன்னார். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறர் கஷ்டத்தைக் கண்டு இரங்கும் குணம் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் எதுவும் கிடையாது.

அன்று அங்கே இன்னொரு நிகழ்ச்சியும் இருந்தது. ஏழாவது இயக்குநருக்கு அதுதான் பதவியில் கடைசி நாள். உள்ளே கூடத்தில் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து, பூங்கொத்து வாங்கி எல்லாம் தயார். விழாவின் முக்கிய அம்சம் விவாத அரங்கம். 'நம் துறையின் உயர்வுக்குக் காரணம் இயக்குநரின் உழைப்பா, இயக்குநரின் அறிவா' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். உழைப்பின் பக்கம் பேசினால் அறிவு இல்லை என்றாகும், அறிவின் பக்கம் பேசினால் உழைப்பு இல்லை என்றாகும் என்பதால் பேசுவோர் இருதரப்பிலும் முந்தின நாளே காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். வாசலில் ஒரு தாழ்ந்த கார் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற சேதி உள்ளே போனதும் துணை இயக்குநர் அம்மையார் எழுந்து நின்றார். தலைப்பு மாறியது: 'வண்டியைத் தாழ்த்துவது நன்மையா, தீமையா'. காய்ச்சல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விட்டது.

நாற்காலிகள் வாசலுக்கு வந்தன. மைக் வந்தது. மாலை வெயிலும் வந்து நேரே காரின் பின் கண்ணாடியில் விழுந்தது.

"மாமா, கிரீம் வியர்க்குது," என்றான் மைத்துனன்.

கேக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, கேக்கு உருகுதுங்க."

"கேள்விகள் கடைசியில்," என்றார் இயக்குநர். மிகவும் மென்மையான மனிதர். தலை முழுக்க நரை, கையில் பூங்கொத்து.

மைத்துனன் ஒரு வாழ்த்து அட்டையை எடுத்துக் கேக்குக்கு விசிறத் தொடங்கினான். துணை இயக்குநர் நன்மையின் பக்கம் பேசினார்.

"தாழ்ந்த வண்டி வளைவில் சாயாது, வேகத்தில் ஆடாது, சாலையை நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்று நூல்கள் சொல்கின்றன. நூல்களில் உள்ளதுபற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நாம் பரீட்சை எழுதி முடித்தவர்கள். நான் கண்ணால் கண்ட நன்மையைச் சொல்கிறேன். தாழ்ந்த வண்டிகள் இந்த வாசலைத் தாண்டுவதில்லை. வண்டிகள் தாழத் தாழ நம் ஆய்வுக் கூடம் தூய்மையடைந்து வருகிறது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகள் இன்றைக்கும் உறை பிரிக்காமல், வாங்கிய மேனிக்கு இருக்கின்றன. கருவிகளை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் அலுவலகம் வேறு எங்காவது உண்டா?"

கைத்தட்டல் அடங்க நேரமானது. தீமையின் பக்கம் ஆய்வாளர்.

"அடி தட்டும், குலுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். இவை வண்டிக்காரர் பாடு. துறைக்கு என்ன தீமை என்று பார்க்கவேண்டும். வண்டி தாழ்ந்தால் ஆய்வாளர் குனியவேண்டியிருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்த வண்டியின் அடியையும் பார்த்ததில்லை. சேர்ந்த அன்று எனக்கிருந்த அதே முதுகோடு ஓய்வுபெறவேண்டும் என்பது என் லட்சியம். இன்று இந்த ஒரு காரால் அந்த லட்சியத்தில் கீறல் விழுந்துவிட்டது. குனிந்துவிட்டேன்."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேக்கின் மேலடுக்கிலிருந்த சர்க்கரை ரோஜா ஒன்று மெல்ல வழுக்கி நடுவடுக்குக்கு வந்தது. மைத்துனன் அதைச் சுண்டுவிரலால் எடுத்து மறுபடி உச்சியில் வைத்தான்.

தீர்ப்புச் சொல்ல இயக்குநர் எழுந்தார்.

"நான் நடுநிலையாளன். பதவிக்காலம் முழுவதும் நான் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை. எந்தப் பக்கமும் நகர்ந்ததும் இல்லை. எனக்கு முன்னாலிருந்தவர்களின் அடிச்சுவட்டில் நடக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு பேர். ஆறு அடுக்கு. என் அடுக்குக்குத் தார் கேட்டு எழுதி அனுப்பினேன். எதற்குத் தார் என்று கேட்டுப் பதில் வந்தது. வேகத்தடைக்கு என்று எழுதினேன். எந்த வேகத்துக்கு என்று கேட்டார்கள். இந்த வாசலில் எந்த வண்டியும் வேகமாக வந்ததில்லை, உண்மையைத்தானே சொல்லமுடியும்…" பூங்கொத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நாளைக்கு வரப்போகிறவர் இந்தத் தடையைப் பார்த்தால், இங்கே ஏழாவதாக ஒருவன் இருந்தான் என்பதற்கு ஒரு விரல்கடை உயரம்கூட இருக்காது."

அவர் வேகத்தடையைப் பார்த்தார். வேகத்தடைமேல் உட்கார்ந்திருந்த காரைப் பார்த்தார். துணை இயக்குநரும் பார்த்தார். பிறகு எல்லோருமே காரைப் பார்த்தார்கள். மைத்துனன் விசிறுவதை நிறுத்தினான்.

"மாமா, இவங்க பார்க்கிற பார்வை சரியில்ல."

துணை இயக்குநர் இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கேக் கடைக்காரரிடம் வந்தார்.

"தம்பிக்குச் சான்று வேணும், இல்லையா?"

"ஆமாங்க ஐயா. இன்னிக்கே வேணும். அது இல்லைன்னா என் கடை போயிடும்."

"வண்டியா இருந்தா குடுக்க முடியாது. வேகத்தடையா இருந்தா இப்பவே குடுத்துடலாம்."

"புரியலீங்க."

"ரொம்ப எளிசு," என்றார் துணை இயக்குநர். "வண்டின்னா அடியில இடைவெளி இருக்கணும். உங்களுது இல்ல, அதனால தோல்வி. வேகத்தடைன்னா அடியில இடைவெளி இருக்கவே கூடாது. உங்களுதுல சுத்தமா இல்ல. ஆய்வாளர் குனிஞ்சே பார்த்துட்டார். இப்படி ஒரு தேர்ச்சியை நாங்க பார்த்ததே கிடையாது."

"அப்ப என் காரு?"

"உங்க காருதான் தம்பி, யாரு இல்லேன்னு சொன்னா," என்றார் இயக்குநர் ஆதரவாக. "பேரு மட்டும் என்னுது."

கேக் கடைக்காரர் ஓரமாக ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டார்.

"சான்று குடுக்கறாங்களா, இல்லையா?" என்றாள் எடுத்ததும்.

"குடுக்கறாங்க. வண்டியைத்தான் குடுக்கமாட்டாங்க போல."

அந்தப்பக்கம் அடுப்பில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"மண்டபக்காரர் உங்ககிட்ட என்னங்க கேட்டார்? வண்டியா, சான்றா?"

"சான்றுதான்."

"அப்புறம் என்ன யோசனை? வாங்கிக்கிட்டு, கேக்கைத் தூக்கிக்கிட்டு நடங்க. அந்த வேன்காரன் செய்யறதை நாலு பேரு கேக்குன்னு நினைச்சுச் சாப்பிடறதை என்னால தாங்கிக்க முடியாது."

அதன்பிறகு அந்த அலுவலகம் இயங்கிய வேகத்தைக் காவலாளியே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பெயிண்ட் வந்தது, கறுப்பு பெயிண்ட் வந்தது. சக்கரங்களுக்கு இருபுறமும் சிமெண்ட் பூசினார்கள். ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூரையிலிருந்து பம்பர்வரை பட்டை பட்டையாகக் கோடு இழுத்தார். அதற்குக் குனியவேண்டியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. கேக் கடைக்காரர் பலகையோடு கேக்கை வெளியே எடுப்பதற்குள் ஒரு பட்டை பலகைமேலும் விழப் பார்த்தது. டிக்கியின்மேல் பித்தளைத் தகடு ஏறியது. இயக்குநர் ரிப்பன் வெட்டினார்.

"ஏங்க, இப்ப வாசல் முழுசா அடைஞ்சு போச்சே. இனிமே வண்டிங்க எப்படி உள்ள வரும்?" என்று மைத்துனன் காவலாளியிடம் கேட்டான்.

"வரணும்னு யாரு சொன்னா?" என்றார் காவலாளி.

சான்று கைக்கு வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. 'முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது. அடி இடைவெளி: இல்லை. வேகத்தடையாக நிலைத்திருக்க எல்லா வகையிலும் தகுதியானது.'

பலகையின் ஒரு முனையைக் கேக் கடைக்காரரும் மறுமுனையை மைத்துனனும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ரவுண்டானா வந்தது. இருவரும் கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக, மரியாதையாக அதைச் சுற்றினார்கள். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போலிருந்தது; ஆனால் கேக் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

மண்டபத்தில் மேலாளர் முதலில் கேக்கைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு சான்றை வாங்கி முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், 'எல்லா வகையிலும் தகுதியானது' என்ற கடைசி வார்த்தைகளை வாய்விட்டுப் படித்தார். இவ்வளவு திட்டவட்டமான சான்றை எந்த வண்டிக்கும் அந்த அலுவலகம் கொடுத்து அவர் பார்த்ததில்லை. அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டுமே அஞ்சடுக்கு," என்றார். "உங்க வண்டி இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

கேக் கடைக்காரர் தம் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். விரல்கள் மடங்க மறுத்தன. அழுவதா சிரிப்பதா என்று முடிவுக்கு வர அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அந்த வண்டியை நானும் ஒருதரம் பார்க்கணுமே," என்று மேலாளர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"ஆய்வு ஆபீஸ்லயே இருந்துருச்சு சார்."

"ஏன், ஏதாவது குறை சொல்லிட்டாங்களா?"

மைத்துனன் காலிப் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னான்:

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பார்த்ததும் புடிச்சுப்போயி அங்கயே வேலை போட்டுக் குடுத்துட்டாங்க. அசையாம உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான் வேலை. நிரந்தரம்."

"குடுத்துவெச்ச வண்டி," என்றார் மேலாளர்.